குளம் அல்ல

அப்பாவுக்கு பூடென் ஊரில் டயர் கடை.
லுண்டில் மதங்களைப் படிக்கப் போகிறேன் என்றதும்
பாதிரியார் ஆகப்போறியா என்றார்.
இல்லை.
அப்ப, கடவுள் கிடையாதுன்னு காட்டப்போறியா?
அதுவும் இல்லை.
சக்கரத்தின் ஐந்து நட்டையும் முடுக்கி முடிக்கும்வரை பேசவில்லை.
பிறகு,
தூரமான ஊரு, வண்டிக்கு நல்ல டயரா போட்டுத் தர்றேன் என்றார்.

லுண்டில் எப்போதும் காற்று.
வகுப்பறைச் சூட்டுக்குழாயில் எங்கள் ஈரக் காலுறைகள்.
தன் வேதத்தையும் மற்ற ஏடுகளைப் போலவே
வரி வரியாகப் பிரித்ததற்கு
எழுந்து வெளியே போனான் யோயெல்.
காப்பிக் கோப்பையோடு திரும்பி வந்து
அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.
முக்காட்டை எந்த ஊரில் விட்டாள் என்று
செவ்தா கடைசிவரை சொல்லவில்லை.
நானோ எதையும் நம்பாதவள்.
நான் மட்டும் வெறும் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன் என்றிருந்தேன்.
அந்தக் கண்ணாடிக்கும் ஒரு நிறம் உண்டு என்று தெரிய
இரண்டாம் ஆண்டு ஆயிற்று.

'இது உண்மையா' என்ற கேள்வியை
மேல்கோட்டோடு கழற்றி
வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.
போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளவும் சொன்னார்கள்.
இரண்டாவதைப் பலர் மறந்தோம்.

மார்ச் மாதத் தேர்வில்
மாண்டேயர்களைப் பற்றி ஒரு கேள்வி, நான்கு மதிப்பெண்.
வெள்ளுடை, ஞாயிற்றுக்கிழமை, யோவான் என்றெல்லாம் எழுதி
குளத்தில் மூழ்குவார்கள் என்று முடித்திருந்தேன்.
ஓரத்தில் சிவப்பு மை:
குளம் அல்ல. ஓட வேண்டும்.
யார் திருத்தினார்களோ.
சரியாக எழுதியவை எல்லாம் எனக்கு மறந்துவிட்டன.

பதினோரு ஆண்டு கழித்து
நோர்ஷொப்பிங்கில், குடியேற்றத் துறையில்,
என் மேசைக்கு எதிரே சல்வான்.
நாசிரியாவில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்தவர்.
முந்தைய அதிகாரி நிரப்பிய தாள் கையில் இருந்தது.
வழிபாட்டு இடத்தின் முகவரி? ஆறு.
தெருப் பெயர்? தெரியாது.
ஸ்வீடன் வந்தபின் தவறாமல் போகிறீர்களா? இல்லை.
கீழே அழகான கையெழுத்தில்:
பதில்கள் நழுவலானவை.

மொழிபெயர்ப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
சல்வான் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கேட்டேன்:
இங்கே குழாய்த் தண்ணீர் ஆகுமா உங்களுக்கு?

அவர் நிமிர்ந்தார்.
அன்றைக்கு முதல்முறையாக.

ஆகாது என்றார். பிறகு, ஆகலாம் என்றார்.
ஆகுமா என்று அண்ணனும் தானும் ஒரு வாரம் சண்டை போட்டார்களாம்.
குழாயும் ஓடுகிறதுதானே என்பது அண்ணன் கட்சி.
அம்மா போனில் இருவரையும் திட்டினாராம்.
ஜனவரியில் ஒருநாள்
மோத்தாலா ஆற்றங்கரை வரை வெள்ளைத் துணியோடு போய்
தண்ணீரில் விரல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாராம்.
விரைத்துச் செத்தால் கணக்கில் வராது,
எங்களுக்கு உயிர் முக்கியம் என்று சொல்லி
சிரித்தார்.
மொழிபெயர்ப்பாளரும் சிரித்த பிறகுதான்
எனக்கு அது சுவீடிஷில் வந்து சேர்ந்தது.

அவர் நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாது.
அதை அளக்கும் கருவி எதுவும்
லுண்டில் கொடுக்கவில்லை.
பொய் சொல்ல வந்தவன்
முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவான்;
அண்ணனோடு போட்ட சண்டையைக் கொண்டு வரமாட்டான்
என்று தோன்றியது.
தோன்றியதை எழுதக் கட்டம் இல்லை.

முடிவு என்னுடையதல்ல, மேல்மாடியில் எடுப்பார்கள்.
என்ன எடுத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை.
சில இரவுகளில் அந்தச் சிவப்பு மைக்காரரை நினைப்பேன்,
அரைத் தூக்கத்தில் நாற்பது விடைத்தாள்களுக்கு நடுவே
இதை விட்டுவிடாதவரை.

அன்று சன்னலுக்குக் கீழே ஆறு,
கரையோரம் பனி கட்டியும் நடுவில் கட்டாமலும்.
'வழிபாட்டு இடம்' என்பதற்குக் கீழே
விட்டிருந்த இரண்டு கோடு போதவில்லை.
தாளைப் பின்பக்கம் திருப்பினேன்.